சுலதா தரவேண்டிய பத்து நாள்

பாகாஜதீன் நிலையத்தில் ரயில் முழுசாக நிற்பதற்குள் ஜூதிகா மண்டலின் ஒரு கால் நடைமேடையில் இருக்கும். என்றைக்காவது விழுந்து பல்லை உடைத்துக்கொள்ளப் போகிறாள் என்று பெண்கள் பெட்டியில் கூட வருகிறவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். எட்டு மணிக்குத்தான் வேலை. ஏழே முக்காலுக்கு மூன்றாவது மாடிக் கதவைத் தட்டினால் யாரும் கூடுதல் கூலி தரப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் மெதுவாக நடக்கச் சொன்னால் அவளுக்குக் கால் வலிக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, பன்னிரண்டு மணி நேரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. சான்யால் வீட்டுப் பெரியவருக்கு அவள் பகல் ஆயா. இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தபிறகு அவர் எழுந்திருக்கவில்லை. மூக்கில் குழாய், வலப்பக்கம் முழுக்கச் செயலற்றுப் போயிருந்தது. மெஷோமஷாய் என்று முறை வைத்து மரியாதையாகக் கூப்பிட்டால் இடது கண்ணை மட்டும் திறப்பார். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட வேண்டும், குழாய் வழியே கஞ்சி விட வேண்டும், துடைக்க வேண்டும். மற்ற நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சியால்தாவிலிருந்து தெற்கே போகிற ஒவ்வொரு ரயிலும் அந்த அறைக்குள் கேட்கும். சத்தத்தை வைத்தே அது கேனிங் வண்டியா, லக்ஷ்மிகாந்தபூர் வண்டியா என்று சொல்லிவிடுவாள். வண்டி கடந்து போகும்போதெல்லாம் அவளுடைய பெருவிரல் தரையைச் சுரண்டும். அந்த இடத்தில் சிமெண்டுத் தரை சற்று வழவழப்பாகியிருந்தது.

இரவு ஆயா சுலதா நஸ்கர். ஜூதிகாவைவிட ஐந்தாறு வயது மூத்தவள், அதனால் அக்கா முறை வைத்து 'சுலதாதி' என்றுதான் ஜூதிகா கூப்பிடுவாள். கனத்த உடம்பு, நிதானமான பேச்சு. ஒருத்தி வரும்போது மற்றவள் போவாள். இரவு எத்தனை தடவை சிறுநீர் போனது, சளி எப்படி இருந்தது, முதுகுப் புண்ணில் மருந்து போட்டாயிற்றா என்பதெல்லாம் முதலில். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே சொந்தக் கதை இரண்டு வாக்கியம். நான்கு வருஷமாக இப்படித்தான். ஒருத்தியின் குடும்பத்தில் நடந்ததெல்லாம் இன்னொருத்திக்குத் தெரியும். ஆனால் காலையில் கால் மணி, மாலையில் கால் மணி தவிர இருவரும் சேர்ந்து இருந்ததே கிடையாது.

ஜூதிகாவுக்கு இந்த ஊர் சுற்றும் ஆசை பிறந்தது பூரியில். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு வீட்டில் வேலை பார்த்தபோது, அந்தக் குடும்பம் படுத்த படுக்கையாக இருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு பூரிக்குப் போனது. அம்மாவோடு ஆயாவும். நான்கு நாள் ஓட்டல் அறையில் நோயாளியோடு கிடந்தாள். குடும்பம் கடலில் குளித்து, ஜகந்நாதரைப் பார்த்து, மணலும் பிரசாதமுமாகத் திரும்பி வரும். அவளுக்கு இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசி நாள் துவைத்த துணிகளை உலர்த்த மொட்டை மாடிக்கு ஏறியவள், கொடிக்கு அந்தப் பக்கம் கடலைப் பார்த்தாள். ஈரச் சேலை ஒன்று கையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. இவ்வளவு நேரம் என்ன செய்கிறாய் என்று கீழேயிருந்து யாரோ கத்தும் வரை பார்த்தாள். ஊர் திரும்பிய பிறகு அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஏழு மாதம் கழித்து, முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே பூரிக்குத் தனியாகப் போனாள். ஒரு பொட்டலம் பொரியோடு இரண்டு நாள் மணலில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அவள் வாழ்க்கையில் தொடர்ந்தாற்போல அவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகு விஷ்ணுபூர், முர்ஷிதாபாத், தியோகர், ஒரு தடவை டார்ஜிலிங். போய் வந்தால் ஆசை தீரும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தாள். தீரவில்லை. முன்பெல்லாம் போய் வந்த களைப்பில் ஒரு வருஷம் ஓடும். இப்போது மூன்றாம் மாதமே பெருவிரல் தரையைச் சுரண்ட ஆரம்பித்தது.

கூலியில் அவள் கை வைப்பதில்லை. அது பாருய்ப்பூர் வீட்டுக்கு. கூரை மாற்றியது, பெண்ணைக் கட்டிக்கொடுத்தது எல்லாம் அதில்தான். ஊர் சுற்றும் காசு ஊசியிலிருந்து வந்தது. மெஷோமஷாய் தூங்கும்போது சேலைகளுக்கு ஃபால்ஸ் தைப்பாள். வீட்டு மருமகளான பௌதியின் அலுவலகத் தோழிகள் கொடுத்தனுப்புவார்கள். கையால் தைத்தால் அறுபது ரூபாய். அதனால் அவள் ஊர்களைச் சேலையால் அளந்தாள். விஷ்ணுபூர் பதினெட்டு சேலை. டார்ஜிலிங் எழுபது. துர்கா பூஜைக்கு முன்னால் சேலைகள் குவிகிற மாதங்களில் நோயாளியின் கால்மாட்டில் பட்டும் பருத்தியுமாக மடித்து வைத்திருப்பாள். மருந்துக்கடை வாசனை அடிக்கிறதென்று ஒரு தோழி சொன்னதிலிருந்து, மடிப்புகளுக்குள் ஒவ்வொரு கிராம்பு போட்டு அனுப்பினாள்.

காசைவிட நாட்கள்தான் கஷ்டம். ஆயா வேலையில் விடுப்பு என்ற ஒன்று இல்லை. வராவிட்டால், ஆயாக்களை வேலைக்கு அமர்த்தும் சென்டரிலிருந்து வேறு ஆளை அனுப்புவார்கள். வந்த ஆள் வீட்டுக்குப் பிடித்துவிட்டால் போனவளுக்கு இடம் போயிற்று. ஜூதிகாவும் சுலதாவும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சுலதாவுக்கு அவசரமென்றால் ஜூதிகா தன் பகலோடு அவள் இரவையும் சேர்த்துப் பார்ப்பாள். ஜூதிகாவுக்குப் போக வேண்டுமென்றால் சுலதா அவள் பகலைப் பார்ப்பாள். வீட்டுக்கும் புது முகம் வராது. அந்த வருஷம் சுலதாவின் மகளுக்கு டைமண்ட் ஹார்பர் ஆஸ்பத்திரியில் பிரசவம் சிக்கலாகி ஆறு இரவு போயிற்று. மகனுக்கு டெங்கு வந்து நான்கு இரவு. பத்து இரவும் ஜூதிகாதான் விழித்திருந்தாள். தூக்கம் கண்ணை அழுத்தும்போதெல்லாம் ஹரித்வார் என்று சொல்லிக்கொள்வாள். கங்கை மலையிலிருந்து இறங்குகிற இடம், அங்கிருந்து மேலே முசௌரி, அங்கே நின்றால் வடக்கே பனி. நூற்றுப் பத்து சேலை. அதையும் முடித்திருந்தாள். காளிபூஜை கழிந்த வியாழக்கிழமைக்கு ஒரு படுக்கை பதிவு செய்துகொண்டாள்.

கணவன் பலராமுக்கு இரண்டாவது டிக்கெட் எடுக்கவா என்று அவள் கேட்காமல் இல்லை. பாருய்ப்பூர் சந்தையில் மீன் விற்கிறவன் அவன். நல்ல மனுஷன், உட்கார்ந்த இடத்தில் சந்தோஷமாக இருக்கத் தெரிந்தவன். ஒரு தடவை திகா கடற்கரைக்கு வந்துவிட்டு, சோறு வேகவில்லை என்று மூன்று நாளும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"தண்ணியப் பாக்க நான் காசு குடுத்துப் போகணுமா? தினம் மூஞ்சியிலதான் தெளிக்குது" என்றான் இப்போதும். "நீ போய்ட்டு வா. உன்னப் பெத்தவங்க கால்ல சக்கரத்த வெச்சுத்தான் பெத்திருக்காங்க. என்னிக்காவது ஒருநாள் திரும்பி வர வழி மறந்துடப் போற, அப்ப தெரியும்."

"மறந்தா உங்க வாடைய மோந்துக்கிட்டே வந்துடுவேன்" என்றாள் ஜூதிகா.

நாள் நெருங்க நெருங்க சுலதா இழுக்க ஆரம்பித்தாள். முதலில் முட்டி வலி என்றாள். பிறகு மருமகள் முகம் சுளிக்கிறாள் என்றாள். துர்கா பூஜை முடிந்த ஒரு மாலை, செருப்பைக் கழற்றிக்கொண்டே விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"பத்து நாளும் சேர்ந்தாப்லயே வேணுமா ஜூதிகா? பகலும் ராவும் பத்து நாள்னா என் இடுப்பு நிக்காது. அஞ்சு நாள் இப்ப எடுத்துக்கோ. மிச்சம் அஞ்சு தை மாசம் சரஸ்வதி பூஜைக்குத் தரேன்."

"ஹரித்வாருக்குப் பாதி வழியில லக்னோவுல இறங்கிட்டு, மிச்சத்த சரஸ்வதி பூஜைக்குப் போகச் சொல்றீங்களா சுலதாதி? உங்க பத்து ராத்திரிய நான் பாதி இப்ப, மிச்சம் அப்புறம்னு சொல்லாமத்தானே முழிச்சேன்."

சுலதா போய் நோயாளியின் போர்வையைச் சரிசெய்தாள். மறுநாளிலிருந்து காலைப் பேச்சு சளியோடும் சிறுநீரோடும் நின்றுபோனது. சொந்தக் கதை இல்லை. பௌதியும் தன் பங்குக்கு, அப்பாவுக்கு உன் கைதான் பழக்கம், இவ்வளவு நாள் போகத்தான் வேண்டுமா என்று கேட்டாள். ஜூதிகா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, போகத்தான் வேண்டும் பௌதி என்றாள். அந்த வாரம் முழுக்க, எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்துகொண்டு தன்னை மட்டும் கயிறு போட்டுக் கட்டுவதாக நினைத்துப் புழுங்கினாள். படுத்துக் கிடக்கிற பெரியவர்மேல்கூட ஒரு கணம் எரிச்சல் வந்தது.

ரயிலுக்கு நான்கு நாள் இருக்கையில், ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல ஏழே முக்காலுக்குப் போனபோது கதவு திறந்தே கிடந்தது. பௌதி போனைக் காதில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். அவள் கணவர் டாக்டரை அழைத்துவர ஓடியிருந்தார். சுலதா படுக்கையருகே நின்று பெரியவரின் கையைப் பிடித்திருந்தாள். ஆறு மணிக்கு விட்ட பால் சரியாகத்தான் இறங்கியது என்றாள். ஏழரைக்கு இரண்டு தடவை இழுத்து மூச்சு விட்டார், அவ்வளவுதான்.

ஜூதிகா கால்மாட்டில் நின்றாள். நான்கு வருஷம் புரட்டிப் போட்ட உடம்பு. அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குள் முதலில் எழுந்த சொல் 'வியாழக்கிழமை'. இனி யாரும் தடுக்க முடியாது, போகலாம் என்று மனசு துள்ளியது. அடுத்த கணமே, யாரோ அதைக் கேட்டுவிட்டதுபோல அவளுக்கு முகம் சுட்டது. குனிந்து அவர் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டாள்.

இருவருமாகக் குழாயை எடுத்தார்கள். வெந்நீரில் துடைத்து, தலை சீவி, வெள்ளை வேட்டி உடுத்தி, கண்ணில் துளசி வைத்தார்கள். ஆண்கள் எடுத்துக்கொண்டு போனபிறகு காற்று மெத்தையைக் கழுவிக் கவிழ்த்தார்கள். மிச்சமிருந்த மருந்துகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பௌதி இருவருக்கும் அந்த மாதக் கூலியை முழுசாகக் கொடுத்துவிட்டு, பதினோராம் நாள் சிராத்தத்துக்கு அவசியம் வரவேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் தலையாட்டினார்கள். நான்கு வருஷத்தில் முதல்முறையாக அவர்கள் சேர்ந்து படியிறங்கி, ஒரே வண்டியில் ஏறினார்கள். சுலதா சோனார்பூரில் இறங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே சென்டரிலிருந்து போன் வந்தது. பேஹாலாவில் பகல் வேலை, நல்ல குடும்பம், கூலி நாளுக்கு ஐம்பது ரூபாய் அதிகம். புதன்கிழமை சேர வேண்டும், சேராவிட்டால் ஆள் காத்திருக்கிறது என்றார்கள். ஜூதிகா யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். பலராமுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறதென்று விளங்கவில்லை. வேலை போன வீட்டுக்காரி ஊர் சுற்றக் கிளம்பினால் சந்தையில் சிரிப்பார்கள், டிக்கெட்டைத் திருப்பிக் கொடு என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை என்பதே அவளை இன்னும் படுத்தியது. திங்கட்கிழமை முழுக்க வீட்டுக்கும் குளத்துக்குமாக நடந்தாள். விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்கினாள். போனால் வேலை போகும். போகாவிட்டால் அந்தப் பத்து இரவும் வீண். போய்விட்டு, சிராத்தத்துக்கு வராமல் இருந்தால் அந்த மனுஷனுக்கு என்ன பதில் சொல்வது?

செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் சுலதா வந்து நின்றாள். அவளை வெயிலில் பார்ப்பது ஜூதிகாவுக்குப் புதிதாக இருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் பாருய்ப்பூரிலேயே வாங்கிய ஒரு கிலோ கொய்யா.

பாய் விரித்து உட்காரவைத்தாள். சுலதா தண்ணீரைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"உனக்கு நான் பத்து நாள் தரணும். இப்ப அதத் தர நாம பாத்த படுக்கையே இல்ல. என்ன செய்யட்டும்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

"அது போய்ட்டுப் போகுது தீதி. விடுங்க."

"எப்படி விட? நீ முழிச்சது முழிச்சதுதானே." சுலதா கொய்யாப் பையின் முடிச்சை அவிழ்த்தாள், மறுபடி போட்டாள். "ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. எந்திரிச்சு உக்காந்துக்கறேன். பாத்துக்க அங்க யாரும் இல்ல. பகல்ல மருமக தையல் மிசின் ஓட்டறா. அவ பொழப்பு, நான் என்ன சொல்ல? ரெண்டு நாளா எங்க போய் என்னைய வெச்சுக்கறதுன்னே தெரியல."

ஜூதிகாவுக்கு அதைக் கேட்டு இரக்கம் வந்ததா, எரிச்சல் வந்ததா என்று பிறகு நினைத்துப் பார்த்தபோதும் தெரியவில்லை. "அப்ப எங்கூட வாங்க" என்றாள்.

சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டாள். பலராமைத் தவிர அவள் எங்கேயும் யாரையும் கூட்டிக்கொண்டு போனதில்லை. சுலதாவோ திகாவைக்கூடப் பார்த்ததில்லை. அவள் மறுத்துவிடுவாள் என்று ஜூதிகா எதிர்பார்த்தாள். சுலதா, குளிருக்கு என்ன எடுத்துக்கணும் என்று கேட்டாள்.

பேஹாலா வேலை வேண்டாம் என்று ஜூதிகா அன்றே சொல்லிவிட்டாள். பௌதிக்குப் போன் செய்து சிராத்தத்துக்கு வர முடியாதென்றும் சொன்னாள்.  சரி ஜூதிகா என்று மட்டும் சொல்லி பௌதி வைத்துவிட்டாள். அந்த 'சரி' அவள் காதில் ரொம்ப நாள் இருந்தது.  வியாழக்கிழமை காலை சந்தைக்குப் போகும்முன் பலராம் அவள் பையில் ஒரு டப்பா 'நாடு' வைத்திருந்தான். வெல்லமும் தேங்காயும் கலந்த உருண்டை. அவனாகவே அண்ணி வீட்டில் சொல்லிச் செய்து வாங்கியது.

படுக்கை ஒன்றுதான். சுலதாவிடம் இருந்தது சாதாரண டிக்கெட். பர்தமான் தாண்டியதும் வந்த பரிசோதகர் அபராதம் எழுதி, உட்கார மட்டும்தான் இடம், படுக்கை கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். வேண்டவே வேண்டாம் என்றாள் சுலதா. ராத்திரியில் அவள் படுத்து இருபது வருஷம் ஆகிறது. ஜூதிகா படுத்துக்கொள்ள, சுலதா கால்மாட்டில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள். காலையில் ஜூதிகா எழுந்ததும் சுலதா வழக்கம்போல இரவைப் பற்றிச் சொன்னாள். எந்த நிலையத்தில் எவ்வளவு நேரம் நின்றது, மேல் படுக்கைக் குழந்தைக்கு இருமல், யாரோ ஒருவர் ஜூதிகாவின் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தார், பிடித்து வாங்கி வைத்தாயிற்று. பிறகு, விடியும்போது பெரிய ஆறு ஒன்று வந்தது, பாலம் முடியவே இல்லை, தண்ணீர் முழுக்கச் செம்பு நிறமாக இருந்தது என்றாள்.

ஜூதிகாவுக்குச் சுருக்கென்றது. அது சோன் நதி. அந்தப் பாலத்துக்காகவே ஜன்னலோரப் படுக்கை கேட்டு வாங்கியிருந்தாள்.

"எழுப்பியிருக்கலாமே. அதப் பாக்கத்தானே வந்தேன்?"

"நீ தூங்கிட்டிருந்தே" என்றாள் சுலதா. "தூங்கறவங்கள நான் எப்படி எழுப்புவேன்? இத்தன வருஷத்துல ஒருத்தரயும் எழுப்பினதில்ல."

ஜூதிகாவுக்குக் கோபம் மட்டும் இருந்தது. சுலதா படுத்து உடனே குறட்டை விட ஆரம்பித்தாள். சசாராம், காசி, லக்னோ வரை தூங்கினாள். காசியில் கங்கை வந்தபோது ஜூதிகா அவளைத் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பினாள். சுலதா எழுந்து, கும்பிட்டு, மறுபடி படுத்துக்கொண்டாள். லக்னோ வரும்வரை ஜூதிகா கதவுக்கும் ஜன்னலுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். முன்பின் தெரியாத வயல்கள், கரும்பு வண்டிகள், சுவரில் எருவரட்டி. எல்லாவற்றையும் கண்ணால் வாரிக் கொட்டிக்கொண்டும் அவளுக்குப் பசி அடங்கவில்லை.

ஹரித்வாரில் கோயில் தர்மசாலையில் ஓர் அறை கிடைத்தது. சுலதா முதல் நாளே கரைப் படிக்கட்டில் ஓர் இடத்தைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி நாளெல்லாம் இருந்தாள். பசித்தால் கச்சோரி. ஜூதிகாவுக்கோ அன்றைக்கே மன்சா தேவி மலை, மறுநாள் ரிஷிகேஷ், அதற்கு மறுநாள் இன்னொன்று. உட்கார்ந்திருக்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவள் கேட்க, நடந்துகொண்டே இருக்கவா வந்தோம் என்று சுலதா கேட்டாள். இரண்டு நாளில் இருவருக்கும் பேச்சு குறைந்தது. நான்காம் நாள் ஜூதிகா தனியாகப் பேருந்து ஏறி முசௌரி போனாள்.

முதல் நாள் மூட்டமாக இருந்தது. இரண்டாம் நாள் காலை, தேநீர்க் கடைக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறியபோது மேகம் விலகியது. வடக்கே வரிசையாகப் பனி. அவ்வளவு வெள்ளையை அவள் எதிர்பார்க்கவில்லை. கண்ணில் நீர் வந்தது, குளிரினால் என்று நினைத்துக்கொண்டாள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, அந்த மலைகளுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டாள். கேட்டபிறகு தனக்கே வெட்கமாக இருந்தது. நூற்றுப் பத்து சேலை, பத்து இரவு, ஒரு வேலை. இன்னும் மனசு ஓடிக்கொண்டேதான் இருக்கிறதா?

திரும்பி வந்த நாள் மெஷோமஷாயின் பதினோராம் நாள். சாயங்காலம் படிக்கட்டில் இருவரும் இலைத்தொன்னையில் பூவும் விளக்குமாக ஒன்று வாங்கி அவர் பேரில் விட்டார்கள். அது கல்லில் மோதி, சுழன்று, மற்ற விளக்குகளோடு சேர்ந்து போயிற்று. ஜூதிகாவுக்கு அப்போது அடக்க முடியவில்லை.

"சுலதாதி, அன்னிக்கு அவரு முகத்தப் பாத்ததும் எனக்கு மொதல்ல ரயிலுதான் ஞாபகம் வந்துச்சு. அழுகை வரல. போகலாம்னு சந்தோஷமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல."

சுலதா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீரையே பார்த்தபடி பேசினாள்.

"எனக்கு, இனி அந்தப் பத்து நாள் முழிக்க வேண்டியதில்லன்னு நிம்மதியா இருந்துச்சு. மூச்சு நின்னதும் மனசுல அதான். அப்புறந்தான் பௌதியக் கூப்பிட்டேன். முந்தின ராத்திரி முழுக்க, ஆண்டவனே ஏதாவது ஒண்ணு ஆகி இது நின்னுபோகட்டும்னு வேண்டிக்கிட்டிருந்தேன். என்ன ஆகணும்னு சொல்லல." தலைப்பை மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள். "அதான் தூக்கம் வரல."

ஜூதிகா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். தடித்த, சுண்ணாம்புபோல வறண்ட கை. தன்னுடையதும் அப்படித்தான். நல்லாத்தான் பார்த்துக்கிட்டோம், படுக்கைப் புண்கூட ஆறிக்கிட்டுதான் வந்தது என்று சொன்னாள். ஆமாம், ஆறிக்கிட்டு வந்தது என்றாள் சுலதாவும். அன்று சுலதா பத்து மணிக்கே படுத்து, விடியும் வரை தூங்கினாள். ஜூதிகா எழுப்பவில்லை.

ஊர் திரும்பியபோது பேஹாலா வேலையில் வேறொருத்தி அமர்ந்துவிட்டிருந்தாள். சென்டரில் ஜூதிகாவுக்கு நம்ப முடியாத ஆள் என்று பெயர் விழுந்திருந்தது. நிரந்தர வேலை எதற்கும் கூப்பிடவில்லை. மாற்று ஆள் வேலை மட்டும் வந்தது. எந்த ஆயாவுக்காவது காய்ச்சலா, அவள் வீட்டில் கல்யாணமா, அவளுக்குப் பதிலாக நான்கு நாள், ஆறு நாள். வாரக்கணக்கில் ஒன்றுமில்லாமலும் போகும். வீட்டில் முடை தெரிந்தது. பலராம் இரண்டு மாதம் முறுக்கிக்கொண்டிருந்தான். அவளும் சந்தையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக் கொடுத்தாள். தையலுக்கும் சேலைகள் முன்போல வரவில்லை. பௌதி கொடுத்தனுப்புவதை நிறுத்தியிருந்தாள்.

ஆனால் பிப்ரவரி வாக்கில் அவளுக்கு ஒன்று புலப்பட்டது. இப்போது தன் நாட்களை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. நான்கு நாள் வேலை முடிந்தால் ஐந்தாம் நாள் அவளுடையது. காசு குறைவு, ஆகவே தூரம் குறைவு. பெரிய மலை இல்லை. ஒரு ராத்திரி வண்டியில் போய், இரண்டு பகல் சுற்றி, மறு ராத்திரி வண்டியில் திரும்பலாம். பலாசம் பூக்கிற நேரத்தில் புருலியா போனாள். சித்திரையில் சாந்திபூர். மழைக்காலத்தில் ஒடிசா எல்லையில் ஒரு அருவி. ஒரு வருஷத்தில் மூன்று தடவை. முன்பு நான்கு வருஷத்தில் போனது அவ்வளவுதான்.

இதில் நிம்மதி இருந்ததா என்றால் இல்லை. வயதான காலத்தில் என்ன செய்வாய், ஒரே நோயாளியிடம் நிலையாக இருந்தால் அந்த வீட்டார் கடைசியில் ஏதாவது பார்த்துச் செய்வார்களே என்று அண்ணி கேட்டுக்கொண்டேயிருந்தாள். முட்டி அவளுக்கும் வலிக்கத் தொடங்கியிருந்தது. சுலதா தாகுரியாவில் ஒரு வீட்டில் இரவு வேலை பார்க்கிறாள். அதற்குப் பிறகு எங்கும் வரவில்லை. ஒரு தடவை பார்த்தாயிற்று, எனக்கு அது போதும் என்கிறாள். காலையில் வேலை முடிந்து வரும்போது வண்டியிலிருந்து போன் செய்து, எங்கே இருக்கிறாய் என்று மட்டும் கேட்பாள். ஜூதிகா ஊரைச் சொல்வாள். என்ன தெரிகிறது என்று கேட்பாள். தெரிவதைச் சொல்வாள்.

போன தை மாதம் அவள் பாருய்ப்பூரில் முன்பதிவு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். பதினேழாம் தேதி ராத்திரி ராஞ்சி வண்டிக்குப் படிவம் நிரப்பியாகிவிட்டது. முன்னால் மூன்று பேர். அப்போது சென்டரிலிருந்து போன். கடியாவில் ஒரு வீடு, பகல் வேலை, மூதாட்டிக்கு இடுப்பெலும்பு முறிவு. பார்க்கிற ஆள் ஓடிவிட்டாள், நாளைக்கே வேண்டும். பிடித்தால் நிரந்தரமாகவே வைத்துக்கொள்வார்கள், உன்மேல் இருந்த பேரும் போகும் என்றார் சென்டர் பாபு. இரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சொல்வது முதல் தடவை.

ஜூதிகா வரிசையைப் பார்த்தாள். முன்னால் ஒருவர்தான் மிச்சம். பலராமின் பழைய மீன்கூடையும், சந்தைக் கடைக்கு மேலே ஓட்டை விழுந்த தகரமும் நினைவுக்கு வந்தன. பின்னால் இருந்தவர், நகருங்கள் தீதி என்றார். அவள் நகர்ந்தாள்.

"நாளைக்கு வரேன் தாதா" என்றாள் போனில். "பதினேழாம் தேதி வரைக்கும் இருப்பேன். அதுக்கப்புறம் நாலு நாளுக்கு ஆள் பாத்து வெச்சிருங்க. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலன்னு சொல்லாதீங்க."

அவர் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். ஜன்னலுக்குள்ளிருந்து கை நீண்டது. அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு படிவத்தைக் கொடுத்தாள்.